'எஸோ'ன்னா வெறும் 'அது'தானா? ஸ்பானிஷ் தெரிஞ்சவங்க கொஞ்சம் வாங்க

தெற்குவாசல்
ஸ்பானிஷ்ல ஏ2 லெவல் முடிச்சு பி1 லெவல் படிச்சுக்கிட்டிருக்கேன். புத்தகத்துல எஸ்தோ = இது, எஸோ = அது, அக்கேயோ = ரொம்ப தூரத்துல இருக்கிற அதுன்னு ஒரு கட்டம் போட்டு ஒரே பக்கத்துல முடிச்சுட்டாங்க. ஆபீஸ்ல மெக்ஸிகோ டீமோட போன் கால்ல உக்காந்தா அந்தக் கட்டம் ஒண்ணுக்கும் உதவ மாட்டேங்குது. பேச்சுக்குப் பேச்சு எஸோ வருது. ஆனா யாரும் எதையும் சுட்டிக் காட்டுறதில்ல. சமீபத்துல காதுல விழுந்த நாலு:

"போர் எஸோ!" (அவங்க சொன்னதையே நான் திருப்பிச் சொன்னப்ப)
"எஸோ ஸி, எல் வியெர்னெஸ் நோ புயேதோ." வெள்ளிக்கிழமை முடியாதுங்கிறது புரியுது. முன்னாடி அந்த எஸோ ஸி எதுக்கு?
"ஆ எஸோ தெ லாஸ் ஸின்கோ." மீட்டிங் அஞ்சு மணிக்கு, சரி. நடுவுல எஸோவுக்கு என்ன வேலை?
"இ எஸோ?" லீவு சொன்னேன், அதுக்கு வந்த பதில் இவ்வளவுதான். கோவிச்சுக்கிட்டாரா?

எல்லாத்துலயும் 'அது'ன்னு போட்டுப் பார்த்தா வாக்கியமே நிக்கல.

நைட்ஷிப்ட்நாகா
கடைசிக்கு மட்டும் உடனே சொல்லிடறேன், தூங்கப் போகணும். "இ எஸோ?"ன்னா "ஏனாம்? என்ன விசேஷம்?" அவ்வளவுதான் பாஸ். கோபம் கிடையாது, அக்கறையாத்தான் கேட்டிருப்பாரு. ஊருக்குப் போறேன்னு ஒரு வரி சொல்லியிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு.

ஓலாடீச்சர்
தெற்குவாசல், அந்தக் கட்டம் தப்பில்ல, ஆனா மூணு வேற வேற விஷயத்தை ஒரே பெட்டியில அடைச்சுடுது. எஸே ஆண்பால், எஸா பெண்பால். இதுங்க பெயர்ச்சொல்லோட ஒட்டிக்கிட்டு வரும், இல்லன்னா ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஒரு பெயர்ச்சொல்லுக்குப் பதிலா நிக்கும். எஸோ இந்த ரெண்டுலயும் சேராது. ஸ்பானிஷ்ல அஃறிணைப் பெயர்னே ஒண்ணு கிடையாது பாருங்க. நாற்காலி பெண், புத்தகம் ஆண். அப்ப இந்தப் பாலில்லாத எஸோ எதைச் சுட்டும்? பேர் தெரியாத பொருளை. அதைவிட அதிகமா, பேரே வைக்க முடியாத சங்கதிகளை: ஒருத்தர் இப்பச் சொன்ன சேதி, நேத்து நடந்த ரகளை, நாளைக்குப் போட்டிருக்கிற திட்டம். உங்க கால்ல வர்ற எஸோல முக்கால்வாசி இந்த ரகம்தான். அதனாலதான் யாரும் விரல் நீட்டல.

இதுல இருந்து ரெண்டு விதி தானா வரும். எஸோவுக்குப் பின்னாடி பெயர்ச்சொல் வராது. "எஸோ லீப்ரோ" கிடையவே கிடையாது, "எஸே லீப்ரோ"தான், அந்தப் புத்தகம். எஸோவுக்குப் பன்மையும் இல்ல. எஸோஸ்னு கேட்டா அது எஸேயோட பன்மை. கூட வர்ற பெயரடை எப்பவும் ஆண்பால் ஒருமை: "எஸோ எஸ் புயேனோ", புயேனா இல்ல.

இனி உங்க நாலு. "ஆ எஸோ தெ" நேரத்துக்கு மட்டும் வரும், 'வாக்கில'ன்னு அர்த்தம். அஞ்சு மணி வாக்கில. ஒரு மணின்னா "ஆ எஸோ தெ லா ஊனா". விலைக்கோ எடைக்கோ இதைப் போடாதீங்க, அங்க "உனோஸ்" போதும். "எஸோ ஸி" நம்ம "ஆனா ஒண்ணு". எல்லாத்துக்கும் சரி சொல்லிட்டு, கடைசியில ஒரு முட்டுக்கட்டை வைக்கறப்ப வரும். இதோட வாலை நீட்டி "எஸோ ஸி கே நோ"ன்னா "அது மட்டும் நடக்காது". ரெண்டும் காதுக்கு ஒண்ணு போலவே இருக்கும், ஆனா அர்த்தம் வேற வேற.

"போர் எஸோ" சாதாரணமா "அதனால". மெக்ஸிகோல இன்னொரு உபயோகமும் ஜாஸ்தி. அவர் சொன்னதையே நீங்க புதுசு மாதிரி திருப்பிச் சொல்றப்ப, "போர் எஸோ"ன்னு கொஞ்சம் இழுத்துச் சொன்னா "அதைத்தானே நானும் சொல்றேன்!"

தெற்குவாசல்
அடடா, அதான் ஒவ்வொரு தடவையும் ஒரு பெருமூச்சோட வருது!

இலக்கணப்புலி
டீச்சர் சொன்னதோட பூர்வீகத்தையும் சேர்த்துக்கலாம். லத்தீன்ல இஸ்தே, இப்ஸே, இல்லேன்னு மூணு சொல் இருந்தது. இஸ்தேதான் ஸ்பானிஷ் எஸ்தே. இப்ஸேயோட அஃறிணை வடிவம் இப்ஸும்; அதுல இருந்து வந்ததுதான் நம்ம எஸோ. இல்லேயோட முன்னாடி ஒரு அழுத்தச் சொல் ஒட்டி அக்கேல் ஆச்சு. வேடிக்கை என்னன்னா, லத்தீன்ல இஸ்தேன்னா 'உன் பக்கம் இருக்கிற அது'. இப்ஸேன்னா 'தானே, அவனே'ங்கிற அழுத்தம். ஸ்பானிஷுக்கு வர்றதுக்குள்ள இஸ்தே பேசறவன் பக்கம் தாவிடுச்சு, காலியான நாற்காலியில இப்ஸே வந்து உக்காந்துக்கிச்சு.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. பழைய புத்தகங்கள்ல எஸ்தே, எஸே, அக்கேல் மேல அழுத்தக்குறி பார்ப்பீங்க. பெயருக்குப் பதிலா தனியா வர்றப்ப போடுற பழக்கம் அது. 2010-ல ஸ்பானிஷ் மொழிக்கு விதி வகுக்கிற அகாதமிகள் வெளியிட்ட எழுத்திலக்கணம் அது தேவையில்லைன்னுடுச்சு. எஸோ மேல மட்டும் அந்தக் குறி எந்தக் காலத்துலயும் வந்ததில்ல. பெயரோட சேரவே சேராததுல குழப்பத்துக்கு ஏது இடம்?

மத்தபடி இதெல்லாம் அடிப்படையில தூரக் கணக்குதான். கிட்ட எஸ்தே, நடுவுல எஸே, எட்ட அக்கேல்.

வடமராட்சியான்
புலியர், கடைசி வரியிலை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். இது தூரக் கணக்கில்லை, ஆள் கணக்கு.

எங்கட யாழ்ப்பாணப் பேச்சிலை இது, உது, அது மூண்டும் இண்டைக்கும் புழக்கத்திலை இருக்கு. இது என்ரை கையிலை இருக்கிறது. உது உம்மட கையிலை இருக்கிறது. அது ரெண்டு பேருக்கும் எட்ட. ரெலிபோனிலை "உங்கை மழையோ?" எண்டு கேட்டால் நீர் நிக்கிற இடத்திலை மழையோ எண்டுதான் அர்த்தம், ஆறாயிரம் மைல் தள்ளி நிண்டாலும் உங்கைதான். நடுத்தூரம் எண்டு எடுத்தால் இது எப்பிடிச் சரிவரும்? தொல்காப்பியத்திலையே அ, இ, உ மூண்டும் சுட்டு எண்டு கிடக்கு. தமிழ்நாட்டுப் பேச்சிலை உது கழண்டுபோச்சு, எங்களிட்டை நிண்டுட்டுது.

ரொறன்ரோவிலை நான் வேலை செய்யிற சமையல்கட்டிலை பாதிப்பேர் கொலம்பியா, எல் சல்வடோர் ஆக்கள். ஆரும் எனக்கு எஸோ படிப்பிக்கேல்லை. "உதென்ன கதை?" எண்டு நாங்கள் சொல்லுற இடத்திலை அவை "கே எஸ் எஸோ?" எண்டினம். "உதுக்குத்தான் அப்பவே சொன்னனான்" எண்டுற இடத்திலை "போர் எஸோ". உது எண்டு ஒரு சாமானைக் காட்டுறதை விட, எதிரிலை நிக்கிறவர் இப்ப வாயாலை சொன்னதைப் பிடிச்சுக் காட்டுறதுதான் கூட. எஸோவும் அப்பிடித்தான்.

இலக்கணப்புலி
வடமராட்சியான், உங்க உதாரணம் அருமை. ஆனா அகாதமி இலக்கணமே எஸேக்கு நடுத்தூரம்ங்கிற விளக்கத்தையும் தருது. ரெண்டு பேர் தோளோடு தோள் நின்னு தெருவைப் பாக்கறாங்க. முதல் கார் எஸ்தே, அடுத்தது எஸே, கோடியில நிக்கறது அக்கேல். இதுல 'உன் பக்கம்' எங்க வந்தது?

மத்ரீத்மச்சான்
ரெண்டு பேர் சொல்றதும் நடக்குது. எதிரும் புதிருமா நின்னா எஸே கேக்கறவர் பக்கம். ஒரே பக்கம் பாத்து நின்னா கேக்கறவருக்குன்னு தனி இடம் இல்ல, அப்ப அது நடுத்தூரமா நகர்ந்துடும். ஆனா வடமராட்சியான் அண்ணன் கட்சிக்கு ஒரு பலமான சாட்சி தர்றேன். முதுகு அரிக்குது, எட்டல, பக்கத்துல இருக்கிறவங்களைச் சொறியச் சொல்றோம். சரியான இடத்துல கை பட்டதும் இங்க ஸ்பெயின்ல வர்ற சத்தம் "ஆஈ, ஆஈ, எஸோ எஸ்!" ஆஈங்கிறது எஸேயோட ஜோடி இடச்சொல், 'அங்க'. முதுகு என்னோடது, எனக்கு அதைவிடக் கிட்ட எதுவும் கிடையாது. ஆனா கை அவங்களோடது, அதனால இடமும் அவங்க பக்கம் போயிடுது.

எஸோவுக்கும் எஸேக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மீன்கடையிலதான் பிடிபட்டுச்சு. மத்ரீத்ல லவாபியேஸ் பக்கம் இருக்கேன், இங்க சந்தைக்குள்ள மீன்கடைல வரிசை எப்பவும் உண்டு. ஐஸ் மேல வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு சின்ன மீன் குவிச்சு வெச்சிருந்தாங்க. "கே எஸ் எஸோ?"ன்னேன். கடைக்காரம்மா கத்தியை நிறுத்தாமலே "பொகெரோனெஸ், ஈஹோ"ன்னாங்க. நெத்திலி ஜாதி; ஈஹோன்னா மகனே. எனக்கு முன்னாடி நின்ன பெரியவர் "போங்காமே மெதியோ கிலோ தெ எஸோஸ்"னாரு, அதுல அரை கிலோ போடுங்கன்னு. கவனிங்க, பேர் தெரியாத வரைக்கும் எஸோ. பொகெரோனெஸ்னு பேர் விழுந்த நொடியே அது ஆண்பால் பன்மை ஆயிடுச்சு, எஸோஸ். அப்புறமும் "தெ எஸோ"ன்னு கேட்டா கொடுப்பாங்கதான், ஆனா அந்த மீனுக்குப் பேர் வைக்கவே பிடிக்காத ஆள் மாதிரி தொனிக்கும்.

மனுஷங்களைப் பத்திப் பேசறப்ப இது ரொம்ப முக்கியம். தம்பியை அறிமுகப்படுத்தறப்ப "எஸ்தே எஸ் மி எர்மானோ". எஸ்தோன்னு வாய் தவறிடாதீங்க, தம்பி சாமானாயிடுவான். ஒரு ஆளைக் காட்டி "கே எஸ் எஸோ?"ன்னா அடிதடிதான். எஸே கூட, பேருக்குப் பின்னாடி போட்டா கசப்பு ஏறும். "எஸே தீப்போ"ன்னா அந்த ஆள். "எல் தீப்போ எஸே"ன்னா... நாம மூக்கைச் சுருக்கிக்கிட்டு "அந்த ஆளு இருக்கானே" சொல்லுவோமே, அது.

நைட்ஷிப்ட்நாகா
முழிச்சுட்டேன். லத்தீன் அமெரிக்கா பக்கம் ஒரு திருத்தம்: பேச்சுல அக்கேல், அக்கேயோ ரொம்பக் கம்மி. எட்ட இருக்கிறதுக்கும் எஸேதான் ஓடும். அக்கேல் கதை சொல்றப்பதான் வரும், "என் அக்கேல் என்தோன்ஸெஸ்", அந்தக் காலத்துலன்னு.

அப்புறம் கால்ல "எஸ்தே..."ன்னு ஒருத்தர் இழுத்தா எதைச் சுட்டறாருன்னு தேடாதீங்க. அது நம்ம "வந்து...". மெக்ஸிகோ, அர்ஜென்டினா ரெண்டுலயும் இதே இழுவைதான்.

மத்ரீத்மச்சான்
ஸ்பெயின்ல அந்த இழுவை "எஸ்தோ...". ஒரு எழுத்து வித்தியாசத்துல எந்தக் கரைன்னு சொல்லிடலாம்.

ஓலாடீச்சர்
வடமராட்சியான் சொன்ன 'உங்கை'க்குத் துணையா ஒண்ணு. பழைய ஸ்பானிஷ் வியாபாரக் கடிதங்கள்ல ஊர்ப் பேரே எழுத மாட்டாங்க. "எஸ்தா"ன்னா நான் இருக்கிற ஊர், "எஸா"ன்னா கடிதம் வாங்கறவர் இருக்கிற ஊர். வியாழக்கிழமை எஸாவுக்கு வந்து சேர்றேன்னு எழுதுவாங்க. நாம "இவ்விடம் நலம், அவ்விடம் நலமறிய அவா"ன்னு எழுதுன அதே பாணி. தூரம்தான் கணக்குன்னா, கடல் தாண்டி இருக்கிற ஊர் அக்கேயா ஆகியிருக்கணும். அதனால புலி சார், என் ஓட்டு ஆள் கணக்குக்குத்தான்.

இப்ப, புத்தகத்துல ஒரு வரியில கடந்து போற ஆனா பேச்சுல தினமும் வர்ற இன்னொண்ணு: "இ எஸோ கே". "யெகோ தார்தே, இ எஸோ கே பீபெ அல் லாதோ." லேட்டா வந்தான், இத்தனைக்கும் வீடு பக்கத்துலதான். இந்த 'இத்தனைக்கும்' இருக்கே, அப்படியே பொருந்துது. மாணவர்கள் எல்லா இடத்துலயும் ஔன்கே ('இருந்தாலும்') போட்டு ஒப்பேத்துவாங்க. ஔன்கே வந்தா வினை எந்த வடிவம்னு யோசிக்கணும். "இ எஸோ கே"க்கு அந்தத் தலைவலி இல்ல, நடந்த உண்மையைச் சொல்றதால எப்பவும் சாதாரண வினை வடிவம்தான் (இண்டிகேட்டிவ்). பேச்சுத் தேர்வுல இதை இயல்பா ஒரு இடத்துல விட்டீங்கன்னா எதிர்ல இருக்கிறவர் நிமிர்ந்து உக்காருவார்.

அதே மாதிரி "எஸோ தெ". "எஸோ தெ மத்ருகார் நோ பா கொன்மீகோ." விடியக்காலைல எழுந்திருக்கிற சமாச்சாரமெல்லாம் நமக்கு ஒத்துவராது. 'லோ தெ' போட்டாலும் விஷயம் அதேதான், ஆனா லோ தெ சும்மா விஷயத்தை எடுக்கும். எஸோ தெ அதை ரெண்டு விரலால பிடிச்சுத் தூக்கற மாதிரி, கொஞ்சம் எகத்தாளமோ சந்தேகமோ ஒட்டியிருக்கும். மேலதிகாரி போட்ட திட்டத்தைப் பத்தி அவர்கிட்டயே பேசறப்ப லோ தெ சொல்றது புத்திசாலித்தனம்.

தெற்குவாசல்
நேத்து "கோன் எஸோ தெ கே"ன்னு ஒண்ணு கேட்டேன் டீச்சர். டெஸ்டிங் டீமைத் திட்டிக்கிட்டிருந்தாங்க.

நைட்ஷிப்ட்நாகா
"...ங்கிற சாக்குல". "கோன் எஸோ தெ கே எஸ்தா என்ஃபெர்மோ, நோ ஆஸே நாதா." உடம்பு சரியில்லங்கிற சாக்குல ஒரு வேலையும் செய்யறதில்ல. திட்டறதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும், டெஸ்டிங் டீம் பாவம்.

ஜாலியா இருக்கிறதும் ஒண்ணு சொல்லிடறேன். தனியா "எஸோ!"ன்னு கத்தினா "அப்படிப் போடு!". கோல் விழுந்தாலும் சரி, ரெண்டு நாளா இழுத்த பில்டு ஓடினாலும் சரி. போன வாரம் எங்க ப்ளோர்ல ஒரு கஸ்டமர் லைன்ல இருந்துக்கிட்டே ரவுட்டரை மறுபடி ஆன் பண்ணார். லைட் பச்சையானதும் "எஸோ, எஸோ, எஸோ!"ன்னார் பாருங்க, ஹெட்போன் கிழிஞ்சிருக்கும்.

இலக்கணப்புலி
டீச்சருக்கும் வடமராட்சியானுக்கும்: கடித சாட்சியை ஏத்துக்கிறேன், ஆனா நாகா சொன்னதையும் பாருங்க. அக்கேல் தேய்ஞ்சு எஸே அதோட வேலையையும் எடுத்துக்கிட்ட இடத்துல 'உன் பக்கம்'ங்கிற வரம்பு தானாகவே தளர்ந்துடும். 'உன்னுது'ங்கிறது போய் 'என்னுது இல்லாதது'ங்கிறது மட்டும் மிஞ்சும். தமிழ்நாட்டுல உது போனதும் அது ரெண்டு வேலையும் பாக்கற மாதிரி. அங்க காலியானது மூணாவது இடம், இங்க ரெண்டாவது.

வடமராட்சியான்
உது நல்ல கேள்வி, புலியர். எங்கட சமையல்கட்டு ஆக்களைக் கவனிச்சுப் பார்த்தனான். எட்ட இருக்கிற சட்டிக்கும் எஸா எண்டுதான் சொல்லினம், உண்மைதான். ஆனால் கதையைச் சுட்டேக்கை பிசகிறதில்லை. தான் சொல்லப்போறதுக்கு எஸ்தோ: "எஸ்குச்சா எஸ்தோ", இதைக் கேள் எண்டு தொடங்குவினம். மற்றவர் சொல்லி முடிச்சதுக்கு எஸோ. சட்டி, கரண்டியிலை வரம்பு தளர்ந்தாலும் பேச்சிலை தளரேல்லை.

ஓலாடீச்சர்
இந்தக் கடைசி ரெண்டு வரியை நாளைக்கு வகுப்புல அப்படியே எடுத்துக்கப் போறேன் அண்ணா. சொல்லப்போறது எஸ்தோ, சொன்னது எஸோ.

கொய்யாக்கா (புதியவர்)
எல்லாரும் எஸோலயே நிக்கறீங்க, எனக்கு ஒரு சின்ன சந்தேகம். தண்ணிக்கு "எல் ஆகுவா"ன்னு வருது, அப்ப "எஸே ஆகுவா"வா "எஸா ஆகுவா"வா? ரெண்டும் கேட்டிருக்கேன்.

இலக்கணப்புலி
"எஸா ஆகுவா". ஆகுவா பெண்பால்தான். அழுத்தமான ஆ-வுல தொடங்கறதால லா ஆகுவான்னு ரெண்டு ஆ முட்டிக்காம இருக்க முன்னாடி எல் வருது, அவ்வளவுதான். அந்தச் சலுகை சுட்டுச்சொல்லுக்குக் கிடையாது. எஸ்தா ஆகுவா, எஸா ஆகுவா, அக்கேயா ஆகுவா. "எஸ்தே ஆகுவா"ன்னு தாய்மொழிக்காரங்களே தாராளமா சொல்றாங்க, பரீட்சைல எழுதினா மார்க் போயிடும்.

மத்ரீத்மச்சான்
இங்க டிவி செய்தியிலயே "எஸ்தே ஆகுவா" கேக்கும். புலி அண்ணன் இங்க வந்தா சாப்பாடு இறங்காது.

தெற்குவாசல்
கடைசியா ஒண்ணு. கிளையன்ட்டுக்கு மெயில் எழுதறப்ப "போர் எஸோ" போடலாமா? பேச்சுல இவ்வளவு புழங்கறதால எழுத்துல கொச்சையா தெரியுமோன்னு ஒரு சந்தேகம்.

ஓலாடீச்சர்
கொச்சை இல்ல, தாராளமா போடலாம். ஆனா ஒரே மெயில்ல மூணு தடவை வந்தா பேச்சுவாடை அடிக்கும். அப்ப "போர் எயோ"க்கு மாறிக்குங்க. எயோவும் எஸோ மாதிரியே பாலில்லாததுதான். பேச்சுல போர், தெ மாதிரி முன்னிடைச்சொற்களுக்குப் பின்னாடி அபூர்வமா எட்டிப் பாக்கும், எழுத்துல கம்பீரமா நிக்கும். முதல் பத்தியில போர் எஸோ, ரெண்டாவதுல போர் எயோ. "ஆ எஸோ தெ லாஸ் ஸின்கோ"வை மட்டும் மீட்டிங் அழைப்புல போடாதீங்க. அஞ்சு மணி வாக்கிலன்னு எழுதினா அவங்க அஞ்சரைக்குத்தான் வருவாங்க, "ஆ லாஸ் ஸின்கோ"ன்னு நறுக்குன்னு போடுங்க.